என் முறை

பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு. வாத்தியார் கரும்பலகையில் எழுதியிருந்த சொற்களுக்கு ஒவ்வொருவராக எழுந்து பன்மை சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

“நைஃப்... நைவ்ஸ்” என்றாள் தையல்காரம்மா.

“லீஃப்... லீவ்ஸ்” என்றார் பஸ் டிரைவர்.

அடுத்த சொல் ‘ஒய்ஃப்’. அன்றுதான் வகுப்பில் சேர்ந்த பெண் எழுந்தாள்.

“நீங்க புதுசு, உட்காருங்க. அடுத்தவங்க சொல்லட்டும்” என்றார் வாத்தியார் அவசரமாக.

“என் முறை சார், நான்தான் சொல்வேன். இந்த வார்த்தைக்குப் பன்மை கிடையாது.”

வகுப்பே சிரித்தது. “வைவ்ஸ்னு சொல்லும்மா” என்று தையல்காரம்மா மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

“இங்கிலீஷ்ல இருக்கலாம்க்கா. நான் ஒத்துக்க மாட்டேன்.”

வாத்தியார் அவள் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “மானத்த வாங்காத. எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்.”

அது எல்லோர் காதிலும் விழுந்தது. சிரிப்பு அடங்கியது.

“எந்த வீட்டுல? எனக்குத் தெரியாம இன்னொருத்தியக் கட்டிக்கிட்டுக் குடிவெச்சிருக்கீங்களே, அங்கேயா?” அவள் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. “நம்ம வீட்டுப் பூட்டை மாத்திட்டேன். உங்க துணிமணியெல்லாம் மூட்டை கட்டி ஆபீஸ் ரூம்ல வெச்சிருக்கேன். எடுத்துக்குங்க.”

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தையல்காரம்மா எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்துவிட்டாள்.