யாரும் தொடாத கேக்

ஊழியர்களுக்கான தொலைபேசி ஆலோசனை எண்ணுக்கு வந்த அழைப்பை ஹேமிஷ் எடுத்தான். மறுமுனையில் க்ளெனிஸ். ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டன் நகரில் ஒரு பேருந்துப் பணிமனையில் அவளுக்கு வேலை.

“இந்த வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு,” என்றாள்.

“என்ன நடந்துச்சு, சொல்லுங்க.”

“இன்னைக்கு என் பிறந்தநாள். இங்கே பிறந்தநாள்காரங்கதானே கேக் கொண்டுவரணும்? கொண்டுபோனேன். எல்லாரும் டீயைக் குடிச்சிட்டு, கேக்கைத் தொடாமலே எழுந்து போயிட்டாங்க.”

“ஒருத்தர்கூடத் தொடலையா?”

“கெவ்னு ஒரு மெக்கானிக் மட்டும் நின்னான். ‘விஷம் எதுவும் கலக்கலையே, கண்ணு?’ன்னு கேட்டான். வெளியே ஒரே சிரிப்பு.”

“எப்போலேருந்து இப்படி?”

“கெவ் ஆசைப்பட்ட வேலை எனக்குக் கிடைச்ச நாள்லேருந்து. நான் உள்ளே போனாலே பேச்சு நின்னுடும். எதைக் கேட்டாலும் பதில் வராது.”

“பணிமனை மேனேஜருக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருக்காங்க? அப்போ மேனேஜர் மேலேயே புகார் கொடுங்க.”

 

“கொடுத்தாச்சு,” என்றாள் க்ளெனிஸ். “மேனேஜர் கொடுமைப்படுத்துறாங்கன்னு கெவ்வும் மத்தவங்களும் சேர்ந்து கொடுத்திருக்காங்க. நாளைக்கு விசாரணை.”

“நல்லதாப் போச்சு. அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னா மேனேஜர் தப்பிக்கவே முடியாது.”

“ஆமா, முடியாது,” என்றாள் க்ளெனிஸ். “அந்த மேனேஜர் நான்தான்.”