ஒரே மாதிரி மூன்று பிளான்

"ரெண்டு பேரோட பிளான் ஒரே மாதிரி இருந்தா, முதல்ல தேட வேண்டியது..."

அதற்கப்புறம் அவருடைய பழைய முதலாளி என்ன சொல்வார்? எவ்வளவு யோசித்தும் ஸ்டுடியோ ஆசிரியருக்குப் பாதிதான் ஞாபகம் வந்தது. மீதியை அவரே போட்டுக்கொண்டார்: திருடனை.

இங்கே இரண்டு அல்ல, மூன்று.

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு ஸ்டுடியோ, அதாவது வடிவமைப்பு வகுப்பு. பத்துப் படுக்கை கொண்ட ஒரு சின்ன மருத்துவமனையை வடிவமைக்க வேண்டும். இறுதி மதிப்பீட்டுக்கு முன் நடக்கும் முன்னோட்ட ஜூரிக்கு வந்திருந்த வெளி நடுவர், சுவரில் ஒட்டியிருந்த ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

மூன்று பேர் பிளானிலும் வாசலில் நுழைந்ததும் நடைவழி இடப்பக்கம் மடங்கியது. மடங்கும் மூலையில், கூரையில் ஒரு கண்ணாடித் திறப்பு. அளவுகூட மாறவில்லை.

"என்ன சார், ஸ்டுடியோவுல ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டுட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியருக்குக் காது சுட்டது. அந்த மூன்று பேர் பக்கம் திரும்பினார்.

"இது யாரோடது? உண்மையைச் சொல்லுங்க."

உயரமான பையன் தரையைப் பார்த்தான். கண்ணாடி போட்டவன் உயரமானவனைப் பார்த்தான். வகுப்பின் முதல் மாணவி மட்டும் வாயைத் திறந்தாள்.

"அப்படியே அமைஞ்சிடுச்சு சார்."

"மூணு பேருக்கும் ஒரே கனவா வந்துச்சு?"



காப்பி என்று நிரூபணமானால் மூவருக்கும் ஒரு வருஷம் போய்விடும். கல்லூரி விதி அப்படி. போகட்டும் என்றுதான் நினைத்தார். மத்தியானம் படிக்கட்டில் மூன்று பேரும் தலையோடு தலை வைத்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் பேச்சு கப்பென்று நின்றது. கூட்டுக் களவாணிகள்!

ஸ்டுடியோவில் கூடப் பாடம் நடத்தும் இளைய ஆசிரியையைக் கூப்பிட்டார்.

"அந்த மூணு பேரோட ஃபோல்டரும் வேணும். முதல் வாரக் கிறுக்கல்லேர்ந்து ஒண்ணு விடாம."

"எதுக்கு சார் அதெல்லாம்? ஃபைனல்ல மாத்திடுங்கன்னு சொன்னாப் போச்சு. சின்னப் பசங்க."

"ஏன், உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஐயோ, எனக்கென்ன சார் தெரியும்!"

கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. இவங்களும் உடந்தையோ?

வகுப்பு கலைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, நீள மேஜையில் மூன்று ஃபோல்டரையும் தேதி வாரியாகப் பரப்பினார்.

முதல் மூன்று வாரம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. உயரமானவன் வட்டமாகப் போட்டிருந்தான். கண்ணாடிக்காரன் இரண்டு துண்டாகப் பிரித்திருந்தான். பெண்ணின் பிளானில் நடை நேர்கோடு. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தால் சிகிச்சை அறைக் கதவு தெரியும்.

நான்காம் வாரத்தில் மூன்றும் ஒன்றாகிவிட்டன.

"மாட்டினீங்களா!"

அந்த வாரத்து ஷீட் ஒவ்வொன்றின் மேலும் அடியிலிருப்பது தெரியும் மெல்லிய டிரேசிங் பேப்பர் ஒன்று ஒட்டியிருந்தது. தடித்த பென்சிலில், அவசர அவசரமாக, இடப்பக்கம் மடங்கும் நடை. மூலையில் கண்ணாடித் திறப்பு. பக்கத்தில் அளவு: ஏழு அடி. அந்த ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

மூன்றிலும் அதே ஏழு.

ஏழு என்ற எண்ணை அப்படி எழுதுகிற ஆள் அந்தக் கல்லூரியில் ஒருவர்தான், அவரேதான். வெளிநாட்டில் வேலை பார்த்த பதினெட்டு வருஷத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலாளி சொன்னதில் மீதி இப்போது ஞாபகம் வந்தது: சொல்லிக்கொடுத்தவனை. நாற்பது மேஜை, மேஜைக்கு நாலு நிமிஷம். மாணவர் ஷீட்மேல் டிரேசிங்கை விரிப்பார், நாலு கோடு இழுப்பார், "இப்படி யோசிச்சுப் பாரு" என்பார், அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். எந்த மேஜையில் என்ன போட்டோம் என்று யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார். அவளுடைய பழைய ஷீட்டைக் காட்டினார்.

"இந்த நடை ஏன் நேரா இருந்துச்சு?"

"ஆஸ்பத்திரியில எங்கம்மாவை உள்ள கூட்டிட்டுப் போனப்ப நான் வெளிய உட்கார்ந்திருந்தேன் சார். எந்தக் கதவுக்குள்ள இருக்காங்கன்னே தெரியல. அதான்... காத்திருக்கறவங்களுக்குக் கதவாவது தெரியட்டும்னு."

"நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏம்மா மடக்கின?"

"நீங்க மேல போட்டுட்டீங்களே சார். உங்க கோட்டை அழிச்சா மார்க் அழியும்னு சீனியர்ஸ் சொல்லுவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, ஜூரியில கேட்டேனே. அப்பவாவது 'நீங்க போட்டதுதான்'னு சொல்லியிருக்கலாமே?"

"வெளியாள் முன்னாடி எப்படி சார் சொல்றது? உங்களுக்குத் தலைகுனிவா போயிடும். வேணாம்னு மூணு பேரும் முடிவு பண்ணிட்டோம்."

"ஒரு வருஷம் போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும் சார். அதுக்குள்ள உங்களுக்கே ஞாபகம் வந்துடும்னு மேடம் சொன்னாங்க."

மறுநாள் காலையில் அவர், மூன்று பேரையும் ஒரே மாதிரி வரைய வைத்தது தான்தான் என்று துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் தங்கள் சொந்தப் பிளானைத் திரும்ப வரைய இறுதி ஜூரியை இரண்டு வாரம் தள்ளிவைத்து, மதிப்பெண் போடும் பொறுப்பை இளைய ஆசிரியையிடம் ஒப்படைத்தார்.