சுத்தியலா, கொக்கா?

"இன்னிக்காவது ஒத்துக்கிறியா இல்லியாடா? நானும் கொக்கும் நல்ல வயசுல மோதியிருந்தா யார் ஜெயிச்சிருப்பா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் கேட்டார். ஒரு காலத்தில் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் இவருக்கு 'சுத்தியல்' என்று பேர்; இவருக்குச் சரிசமமாக நின்ற இன்னொருவருக்குக் 'கொக்கு' என்று பேர். இப்போது கழுத்தில் வெள்ளைத் துணி, தலை முழுக்க சோப்பு நுரை. நாளைக் காலை மூளையில் ஆபரேஷன். மழிக்க வந்த வார்டு ஆளை அடிக்கக் கை ஓங்கிவிட்டதால், வாராவாரம் வீட்டுக்கு வந்து சவரம் செய்கிற சலூன்காரரையே மகள் வரவழைத்திருந்தாள்.

"கொக்குதான்," என்றார் சலூன்காரர், கத்தியைத் துடைத்தபடி. "அதுல என்ன சந்தேகம்?"

"அவன் உனக்கு என்னடா சொக்குப்பொடி போட்டான்?"

"அவர் கை நீளம் என்ன, உங்க கை நீளம் என்ன? நீங்க கிட்ட வர்றதுக்குள்ள இடது கையாலயே மூஞ்சிய வீங்க வச்சிருப்பார். மீன் வர்ற வரைக்கும் ஒத்தக் கால்ல நிக்கிற ஆளு. சும்மாவா கொக்குன்னு பேர் வச்சாங்க?"

"வாங்கிக்குவேன்டா. அஞ்சு வாங்கினா ஆறாவதுல உள்ள புகுந்துடுவேன். குனிஞ்சு, இப்படி..."

துணிக்கு அடியிலிருந்து வலது கை பாய்ந்தது. சலூன்காரர் கத்தியைச் சட்டென்று மேலே தூக்கிக்கொண்டார். கிண்ணத்துத் தண்ணீர் மெத்தையெல்லாம் தெறித்தது.

"விலாவுல ஒண்ணு. அவன் கதை முடிஞ்சது!"

"முடிஞ்சிருக்கும், உங்க காது! ஆடாம உக்காருங்க."

மகளுக்குக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்குச் சில நாள் அவள் பேரே மறந்துபோகும். குத்துச்சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் பழைய ஆளாகிவிடுவார்.

பெரியவர் சிரிக்கவில்லை. "என்ன சொல்லு, அவனை மாதிரி ஒருத்தன் பொறக்கலடா. கால் தரையில படறதே தெரியாது. எல்லாரையும் அடிச்சேன், அவன் ஒருத்தனோட மோதாமலே கிழவனாயிட்டேன். பேசி முடிச்சாங்க, தேதிகூட வச்சாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல. படுத்தா அதுதான் நெஞ்சை அறுக்குது."

சலூன்காரர் காதுக்குப் பின்னால் மழித்துக்கொண்டிருந்தார். பெரியவர் கொக்கைப் புகழும்போது மட்டும் அவர் குறுக்கே பேசுவதே கிடையாது.

தண்ணீர் மாற்றப் போனவரின் பின்னாலேயே மகளும் வராந்தாவுக்கு வந்தாள்.

"அண்ணே, டாக்டர் பிடி குடுத்தே பேச மாட்டேங்கறார். நாளைக்கு என்ன ஆகும்னு தெரியல. நீங்க பாட்டுக்கு கொக்கு, கொக்குன்னு சொல்லிட்டுப் போயிடறீங்க, இவர் ராத்திரி பூரா காத்துல குத்து விட்டுட்டுக் கிடக்கார். இன்னிக்கு ஒரு நாள், 'நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க'ன்னு சொல்லிடுங்களேன். வாய் வார்த்தைதானே?"

"அதை மட்டும் கேக்காதம்மா."

"சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சுடப் போகுது? சாகக் கிடக்கிற மனுஷன்கிட்டயா வீம்பு?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. பெற்ற அப்பா, நாளைக்கு இருப்பாரோ மாட்டாரோ. சலூன்காரர் குழாயடியில் அப்படியே நின்றார். கிண்ணம் நிரம்பி வழிந்து அவர் சட்டைக் கை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

திரும்பி வந்து மீதித் தலையையும் மழித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டார். முடி போனதும் அவ்வளவு பெரிய உடம்பு திடீரென்று சிறுத்துப்போன மாதிரி இருந்தது. பெரியவர் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு எந்திரிக்காமப் போயிட்டேன்னா, இதுக்குப் பதில் தெரியாமலே போயிடுவேன் இல்லடா?"

சலூன்காரர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் ஐயா ஜெயிச்சிருப்பீங்க."

"நிஜமாவா? என் வாயை அடைக்கச் சொல்லலியே?"

"நிஜமாத்தான்."

"எந்த ரவுண்டுல?"

"ஒன்பதாவதுல." யோசிக்கவே இல்லை. "அதுவரைக்கும் அவர் கைதான் ஓங்கியிருக்கும். அப்ப அசந்துபோய் இடது கையைக் கொஞ்சம் இறக்கியிருப்பார். நீங்க உள்ள புகுந்திருப்பீங்க. விலாவுல ஒண்ணு, தாடையில ஒண்ணு."

"பத்து எண்றதுக்குள்ள எந்திரிச்சிருப்பானா?"

"மாட்டார்."

"பாவம்டா," என்றார் பெரியவர். "நானே கை குடுத்துத் தூக்கி விட்டிருப்பேன்."

முகமெல்லாம் மலர, அப்படியே கண்ணை மூடித் தூங்கிப்போனார். அவர் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கி எவ்வளவோ நாளாகிவிட்டது.

மகள் கதவுக்கு வெளியே வந்து சலூன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"கோவத்துல ஏதேதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க அண்ணே. அந்தச் சண்டை நடந்ததும், அப்பா அடிச்ச அடியில கொக்கு மேடையிலேயே உயிரை விட்டதும் ஊருக்கே தெரியும். அப்பாவுக்கு மட்டும்தான் அது சுத்தமா மறந்துபோச்சு. நீங்களும் இத்தனை நாள்ல ஒரு தடவைகூட அவர்கிட்ட அதைச் சொன்னதில்ல."

"எப்படிம்மா சொல்லுவேன்?" என்றார் சலூன்காரர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "எங்க அண்ணன் இன்னும் விழாம நின்னுட்டிருந்தது உங்க அப்பா மனசுல மட்டும்தான். இன்னிக்கு அங்கயும் நானே விழ வச்சுட்டேன்."