ஜவ்வுக்கு அவசரமில்லை

ஒன்பதாவது வாரமும் பெரியவர் நாற்காலியோடுதான் கிளினிக் மாடி ஏறினார். மகன்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து வந்து இறக்கினார்கள்.

"அண்ணே, கதவுல இடிக்கும். சாய்ச்சுப் பிடி."

"முதல்ல நீ தூக்குடா."

பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணுக்கால் பிசகினதுக்கு இத்தனை ராஜ மரியாதையா?

மகன்கள் வெளியே போனதும் பெரியவரைப் பிடித்துக்கொண்டாள். "நானே கீழ வந்து பார்க்கிறேன்னு சொன்னேனே ஐயா?"

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?"

"சுமக்கிற பிள்ளைங்களுக்குச் சிரமமில்லையா?"

"ரெண்டு பேரும் பர்னிச்சர் கடைக்காரனுங்க. பீரோவே தூக்குவானுங்க. அதை விடுங்க, ஜவ்வு ஆற ஏம்மா இவ்வளவு நாளாகுது?"

"எலும்பும் எலும்பும் விலகிப் போகாம இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிறதே ஜவ்வுதான். அதுக்கு ரத்த ஓட்டம் கம்மி. மெதுவாத்தான் ஆறும்."

"அதிகபட்சம் எத்தனை மாசம்னு சொல்லலாம்?" ஆசையாகக் கேட்டார்.

அவள் கையிலிருந்த பேனாவை வேண்டுமென்றே தவறவிட்டாள். அது கட்டிலுக்கு அடியில் உருண்டது. பெரியவர் சட்டென்று குந்தி உட்கார்ந்து எடுத்து நீட்டினார். அப்புறம்தான் ஞாபகம் வந்து, "அம்மா..." என்று வலது காலைப் பிடித்துக்கொண்டார்.

"பிசகினது இடது கால்."

பெரியவர் அவசரமாகக் காலை மாற்றிப் பிடித்தார்.

"பெத்த பிள்ளைங்களை ஏமாத்திச் சவாரி போறீங்களே, வெட்கமா இல்ல? இப்பவே கூப்பிட்டுச் சொல்றேன்."

"வேணாம்மா, கும்பிடுறேன். கடை ஏணியை உடைச்சது யாருன்னு ரெண்டு பேரும் சண்டை போட்டு, கடைக்கு நடுவுல பலகை அடிச்சிட்டானுங்க. நாலு வருஷமாப் பேச்சில்லை. முதல் ரெண்டு வாரம் என்னையும் பேசாமலேதான் தூக்கினானுங்க. போற வழியெல்லாம் என் மண்டைதான் சுவத்துல முட்டுச்சு. மூணாவது வாரம் சின்னவன் தாங்க முடியாம 'அண்ணே, திரும்பு'ன்னான். பலகையை இன்னும் எடுக்கலம்மா..."

அவள் விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தாள். மகன்கள் எழுந்து நின்றார்கள்.

"அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"மோசம். இன்னும் ஆறு வாரம் ஆகும். ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கிட்டு வந்தாத்தான் பார்ப்பேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து, பெரியவரின் இடது காலில் தடிமனாக ஒரு கட்டுப் போட்டாள்.

"இது வைத்தியத்துக்கு இல்லை, அடையாளத்துக்கு. இனிமேலாவது இந்தக் கால்லயே நொண்டுங்க."