மெக்கானிக் மேல் ஒரு மொட்டைக் கடிதம்

“மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?”

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினாள் மெக்கானிக்கின் மனைவி. இடுப்பில் இருந்த குழந்தை மிரண்டுபோய் அம்மாவின் வாயையே பார்த்தது.

கட்டிலில் பைலட். வலது கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் அவர் மனைவி, பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்தோடு.

“என்னக்கா ஆச்சு?”

“தெரியாத மாதிரி கேளு! என் வீட்டுக்காரர் விமானத்தை ஒழுங்கா சோதிக்கிறதில்லைன்னு விமானத் துறை ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் போயிருக்கு. காலையில வந்து லைசென்ஸை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. பதினாலு வருஷ வேலை! ‘சும்மா விட மாட்டேன்’னு அன்னைக்கு நீதானே அழுதே?”

அன்னைக்கு என்றால் போன செவ்வாய்க்கிழமை. விமானப் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானம் நடுவானில் போய்க்கொண்டிருந்தபோது, வாலைத் தாங்கும் குழாய் ஒடிந்து, வாலில் பாதி பிய்ந்து தொங்கியது. பைலட் எப்படியோ ஒரு வயலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கை முறிந்ததோடு போனது. அந்த விமானத்துக்கு ‘பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போட்டவர் மெக்கானிக்.

“எழுதணும்னுதான் நினைச்சேன்க்கா. பொய் சொல்ல மாட்டேன். இவர்தான் கூடவே கூடாதுன்னுட்டார்.”

“நம்பிட்டேன்! ஏன் தம்பி, நீங்களாவது சொல்லுங்க. எங்க வீட்டுல எத்தனை நாள் கை நனைச்சிருப்பீங்க?”

பைலட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “கொஞ்சம் உட்காருங்க அண்ணி.”

“உட்கார வரலை!”

அவள் போன் அடித்தது. மெக்கானிக்தான்.

“இவங்களும் கேட்கட்டும்” என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாங்க!” அவருக்கு மூச்சு வாங்கியது. “ஸ்கேன் மெஷினோட வந்து நம்ம ரெண்டாவது விமானத்தைப் பார்த்தாங்க. அதே குழாய், அதே இடம், உள்பக்கமா விரிசல்! வெளியில இருந்து எவன் கண்ணுக்கும் தெரியாது. விமானத்தைச் செஞ்ச கம்பெனியிலயே வந்த கோளாறாம். நம்ம பள்ளியில பறக்கக் கத்துக்கிற அந்த ரெட்டைஜடைப் பொண்ணு நாளைக்கு அதுலதான் முதல் தடவையா தனியாப் பறக்கிறதா இருந்தா. தப்பிச்சா! சரி, இன்ஸ்பெக்டர் கூப்பிடறார், வெச்சிடறேன்.”

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். பைலட்டின் மனைவி ஒரு ஆரஞ்சுச் சுளையைக் குழந்தையின் கையில் கொடுத்தாள்.

“ஏன் தம்பி, இந்த மெஷினை செவ்வாய்க்கிழமையே கொண்டு வந்திருக்கக் கூடாதா?”

“சும்மா கூப்பிட்டா வராது அண்ணி. மெக்கானிக் மேல புகார் போனாத்தான், அவர் கையெழுத்துப் போட்ட அத்தனை விமானத்தையும் ஆபீஸே வந்து பிரிச்சுப் பார்க்கும். ‘இன்னொண்ணையும் நிறுத்துங்க’ன்னு அண்ணன் பள்ளி முதலாளிகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டார். ‘உன் தப்பை மறைக்க விமானத்து மேல பழி போடறியா’ன்னு அவர் எரிஞ்சு விழுந்தாராம்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உன்னைப் போய் திட்டிட்டேனேம்மா. எழுதினது யாரா இருந்தாலும் அவங்க நல்லா இருக்கட்டும்.”

பைலட் சிரித்துவிட்டார்.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். பரவாயில்லை, சொல்லிடறேன். முந்தாநாள் அண்ணன் இங்க வந்து, ‘என் மேல ஒரு புகார் எழுதிக் குடுடா’ன்னு ஒரு மணி நேரம் கெஞ்சினார். நான் மாவுக்கட்டைக் காட்டித் தப்பிச்சேன். ‘அப்போ ஒரு பேப்பராவது குடு’ன்னு வாங்கி, ‘காட்டமா இருந்தாத்தான் ஓடி வருவாங்க’ன்னு அடிச்சு அடிச்சுத் திருத்தி, தன்னைப் பத்தித் தானே எழுதிட்டுப் போனார் அண்ணி!”