வளர்ச்சித் தட்டு

"ஓய்வெடுக்கத் தெரியாத சமுதாயம் உலக அரங்கில் ஒருநாளும் பதக்கம் தொட்டதில்லை!"

பயிற்சியாளர் ஜெனிஸ்ரன் சேர் இப்படி முழங்கியபோது, பேசாலை ஜிம்னாஸ்டிக் மண்டபத்தின் கதவில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் முற்றத்து வெயிலில் நின்றார்கள். வேப்பமரத்து நிழலில் ஒரு கழுதை மட்டும் அவருடைய கருத்தை முழுதாக ஏற்றுக்கொண்டு கண்ணை மூடி நின்றது.

"ஆனபடியால், இண்டையிலிருந்து மடு மாதா கோயில் திருவிழா முடியுமட்டும் பிள்ளையளுக்குப் பூரண ஓய்வு. ஓட்டமில்லை, கரணமில்லை. மண்டபம் திறக்கப்பட மாட்டாது."

அன்ரோனெற்றுக்குப் பகீரென்றது. திருவிழா முடிந்த அடுத்த கிழமை மாகாணப் போட்டி. மகள் டினோஜாவுக்குப் பன்னிரண்டு வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வாய்ப்பு. போன வருசம் பின்கரணம் அடித்து, கால் ஊன்றாமல் தொப்பென்று விழுந்துவிட்டு, அழுதுகொண்டு வீடு வந்தவள். இப்போதுதான் விழாமல் நிற்கப் பழகியிருந்தாள்.

அவள் நின்றதில் அன்ரோனெற்றுக்கும் ஒரு பங்கு இருந்தது. பிள்ளைகள் குதித்து இறங்குகிற நீல மெத்தை வாய்பிளந்து கிடந்தபோது, புருசன் கிழிந்த மீன்வலை பொத்துகிற பச்சை நூலை எடுத்துப்போய்த் தைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. ஓய்வெண்டா போட்டி முடியத்தானே குடுக்கிறது?"

"அது பழைய முறை, அக்கா." சேர் கழுத்து விசிலைத் தடவினார். கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த நாள்முதல் அந்த விசில் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. பூசைக்கும் அதோடுதான் வருவார். "எலும்பின்ர நுனியில வளர்ச்சித் தட்டு எண்டு ஒண்டு இருக்கு. ஓய்வில்லாட்டி அது நசியும். நசிஞ்சா பிள்ளை வளராது. குள்ளமாவே நிண்டிடும்."

அன்ரோனெற் மனதுக்குள் மகளின் உயரத்தை அளந்து பார்த்தாள். புருசனின் பக்கம் ஏற்கெனவே எல்லாரும் கட்டை.

"விஞ்ஞானம் என்ன சொல்லுதெண்டா..." என்று சேர் கையை உயர்த்தவும் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஓம் மாமி... ஓம், ஓம், எல்லாம் ஒழுங்கு. இந்த முறை முதுகு, நாரி ஒண்டும் நோகாது, நான் பொறுப்பு."

போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து விஞ்ஞானத்தைத் தொடர்ந்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் வீட்டில் சண்டை தொடங்கியது. கட்டிலில் ஏறிக் குதித்த டினோஜாவைக் காலில் பிடித்து இழுத்து இறக்கினாள் அன்ரோனெற்.

"இறங்கடி! தட்டு நசியப்போகுது!"

"எந்தத் தட்டு?"

"உன்ர எலும்புக்குள்ள இருக்கிற தட்டு. படு பேசாம!"

"படுத்துப் படுத்து முதுகு நோகுது அம்மா. கரணம் மறந்துபோகுது."

"மறந்தா மறக்கட்டும். வளர்ந்தாப் போதும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் போட்டி நினைப்புத்தான். டினோஜாவோடு பழகுகிற பக்கத்துத் தெருப் பிள்ளை பிறின்சியின் தாயிடம் போய்ப் புலம்பினால், "சேர் படிச்ச மனுசன்" என்ற ஒரே பதில். சேரிடம் இன்னொரு தரம் கேட்கலாமென்று போனால், மண்டபத்தில் பூட்டு, வீட்டில் பூட்டு. குடும்பத்தோடு மடுவுக்குப் போய்விட்டாராம்.

திருவிழாவுக்கு முதல்நாள் அன்ரோனெற்றும் பிள்ளையோடு மடுவுக்குப் போய்ச் சேர்ந்தாள். காடு முழுக்கக் கூடாரங்கள். குழாயடிக்குத் தண்ணீருக்குப் போகிற வழியில், ஒரு கூடாரத்து முளையைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்த மனிதரின் கழுத்தில் விசில் ஆடியது.

"சேர்!"

சேர் விறுக்கென்று எழும்பிக் கூடார வாசலை மறைத்தபடி நின்றார். அந்த வேகத்தை அவர் பயிற்சியில் காட்டி அன்ரோனெற் பார்த்ததில்லை.

"அட, டினோஜா! ஓய்வெடுக்கிறியோ?"

"எடுக்கிறா சேர். எடுத்து எடுத்துக் களைச்சுப்போனா," என்றாள் அன்ரோனெற்.

"கனவிலதான் கரணம் அடிக்கிறன் சேர்," என்றாள் டினோஜா. "அதிலயும் விழுறன்."

"நல்லது, நல்லது. உடம்பு கிடக்க மூளை பயிற்சி எடுக்குது. இதைத்தான் விஞ்ஞானத்தில..."

காட்டுக் காற்று ஒன்று வந்து சேரின் தோளுக்கு மேலால் கூடாரத்துச் சீலையைத் தூக்கிப் போட்டது. உள்ளே சேரின் மாமி, கையில் செபமாலையோடு, கண்ணை மூடி, கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். அவருக்குக் கீழே நீலமாக ஏதோ தடித்துக் கிடந்தது. அதன் ஓரம் நெடுகப் பச்சை நூல் ஓடியது.

டினோஜா தாயின் கையைச் சுரண்டினாள். "அம்மா, அது உங்கட தையல்."

சேர் சீலையை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். அது கைக்கு அகப்படவில்லை.

மாமி கண்ணைத் திறக்கவில்லை.

"மருமோன், இதில படுத்தா நாரி நோவே தெரியேல்லை. உந்தப் பிள்ளையளுக்கு இன்னும் ஒரு கிழமை ஓய்வு குடுங்கோவன்."