பெண்கள் பக்கம்

அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட்டில், பள்ளிவாசலின் கீழ்த்தளத்திலுள்ள பெண்கள் அறையில், ஈர ஜாக்கெற்றுகளின் வாடைக்கு மேலே சுவரில் தொலைக்காட்சி ஒளிர்கிறது. அதில் மேல்தளத்து ஆண்கள் தெரிகிறார்கள். ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவர் ஹம்சியாவின் நானா அஸ்மீர். மார்க்கத்துக்கும் அரசியல் யாப்புக்கும் பகையில்லை என்று இயக்கம் தொடங்கியவர்கள் இந்த அண்ணன் தங்கை இருவரும்தான். பள்ளியை நடத்தும் ஷூறா சபையை எல்லோரும், பெண்களும், வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டும் என்று அவளுடைய சமையலறை மேசையில் எழுதிய பள்ளி யாப்பு இன்று நிறைவேற இருக்கிறது. அதற்குக் குர்ஆன் ஆயத்துகளைத் தேடி எடுத்தவள் அவள், சட்ட வாசகம் அவருடையது. "பெண்கள் வாக்கை இப்போதைக்கு விடுவம்," என்கிறார் நானா. "முதல்ல பள்ளி உடையாம இருக்கோணும்."

"உன்ர நானா நல்லா அரசியல் படிச்சிட்டார் புள்ள," என்கிறாள் பக்கத்திலிருக்கும் பரீனா மாமி. ஹம்சியா எழுந்து, "ஏலாது நானா!" என்று கத்துகிறாள். திரையில் ஒரு தலையும் திரும்பவில்லை. படமும் சத்தமும் இந்த அறைக்குள் வரும், இங்கிருந்து எதுவும் மேலே போகாது. வயர் இழுத்துப் பூட்டியவரே நானாதான். அவர் நிமிர்ந்து கமராவைப் பார்க்கிறார், அவளையே பார்ப்பதுபோல. மரியாதையாகச் சற்று நேரம் காத்திருக்கிறார். அவள் மறுபடி கத்துகிறாள். "பெண்கள் பக்கத்தில ஒரு சத்தமும் இல்லை," என்று கூட்டத்தின் பக்கம் திரும்புகிறார் நானா. "நிக்காஹ்ல பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்தானே?" ஆண்களின் சிரிப்பு மிகத் தெளிவாகக் கீழே கேட்கிறது.